நெட்டையாரை அழித்தவள்

அலுவலகத்தில் அவளைத் துடைப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ள முடியாதபடி அன்பாகவே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர், "உனக்கு என்ன வேலைம்மா கொடுத்திருக்காங்க?" என்று கேட்டதற்கு, "பெருக்கித் தள்ளுற வேலைதான்" என்று அவளே வாயைக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு உதிரவே இல்லை.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நிறுவனம் பிறருடைய கோப்புகளைப் பத்திரமாக வைத்துக் காக்கும் மென்பொருளைச் செய்து விற்றது. ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், பத்திரிகை அலுவலகங்கள் எல்லாம் அதை வாங்கின. ஓர் அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க் எனப்படும் வட்டுகள் இருக்கும். வந்து சேரும் ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பல பிரதிகள் எடுத்து, வெவ்வேறு வட்டுகளில் வைப்பதும், ஒரு வட்டு செத்துப்போனால் மிச்சமிருக்கும் வட்டுகளிலிருந்து அதை மறுபடியும் கட்டி எழுப்புவதும் அந்த மென்பொருளின் வேலை. பல ஆண்டுகளாகப் பல பேர் கைவைத்து எழுதிய நிரல் அது. அதற்குள் ஃபங்ஷன் எனப்படும் சின்னச் சின்ன வேலைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை வாங்கும். காலப்போக்கில் சிலவற்றைக் கூப்பிட யாரும் இல்லாமல் போய்விடும். ஆனாலும் அவை போகாமல் அங்கேயே கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அவற்றைப் படித்துக் குழம்புவார்கள். அப்படிக் கிடப்பவற்றைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுவதற்குத்தான் அவளை வைத்திருந்தார்கள்.

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒருமுறை முயன்றாள். அவள் அம்மா துணி ஆலையில் தையல் வேலை பார்ப்பவள். பழைய டப்பா, மூடி இல்லாத பாட்டில், கைப்பிடி உடைந்த குடை என்று எதையும் வெளியே எறியாமல் பரணை நிரப்பி வைத்திருந்தவள்.

"வேண்டாததை எடுத்துப் போடுறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"ஆமாம்மா."

"அதுக்கா பட்டம் படிச்ச? எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு ஒண்ணு உலகத்துலயே இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் நம்ம பரண்லயே தெரியுதே."

"பரண் மேல கைய வெச்ச, கைய ஒடிச்சிருவேன்."

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அவளோ ஒவ்வொரு காலையும் அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தயங்கித் தயங்கித்தான் தள்ளினாள். யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டி, "ஏம்மா, நீ வேற யாருக்கோ பதிலா வந்துட்ட" என்று சொல்லப்போகிறார்கள் என்றே காத்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் அழிக்கிற ஒவ்வொரு வரியும், தான் தவறி உள்ளே வந்தவள் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி போல அவளுக்குத் தோன்றியது. இன்னும் அழி, இன்னும் அழி என்று மனம் விரட்டியது.

அவளுக்குக் கொடுத்த இருக்கை நெட்டையாருடையது. அவரை அவள் பார்த்ததில்லை. மென்பொருளின் முதல் பதிப்பை ஏறக்குறைய தனியாகவே எழுதியவர். கதவு நிலையில் தலை இடிக்காமல் நுழைய மாட்டார் என்பார்கள். ஒருநாள் தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்த நாற்காலியின் நெம்புகோல் அப்படியே இறுகிவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் நாற்காலி இறங்க மறுத்தது. அவள் கால் தரையைத் தொடாமல் தொங்கியது. செத்த வட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியை அடியில் இழுத்துப் போட்டு, அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

நாற்காலியாவது பேசாது. நெட்டையார் எழுதிய நிரல் பேசியது. ஃபங்ஷன்களுக்கு மேலே விளக்கம் எழுதுவது வழக்கம். மற்றவர்கள் காரியத்தை மட்டும் எழுதுவார்கள். இவரோ பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது போல எழுதி வைத்திருந்தார். 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கும் தெரியாது. செய்கிறது, விட்டுவிடு.' 'காய்ச்சலோடு எழுதியது. தப்பிருந்தால் திட்டாதே.' 'இந்த இடத்துக்கு வந்துவிட்டாயா? பாவம்.' கடைசி வாக்கியத்தை முதல்முறை படித்தபோது அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். தண்ணீர் இயந்திரத்தின் உறுமல்தான் கேட்டது, யாரும் இல்லை.

யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. தினமும் அவள் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தாள்.

இது ஒன்றும் ரகசியமும் இல்லை. வாசலில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த அக்கா, நெட்டையாரின் மனைவி. அவர் போன பிறகு நிறுவனம் கொடுத்த வேலை அது. நல்ல வாய்த்துடுக்கு. சாயங்காலம் கிளம்பும்போது அவளைப் பார்த்தால் விடமாட்டாள்.

"என்ன துடைப்பம், இன்னைக்கு எங்க வீட்டுக்காரரை எவ்வளவு அழிச்ச?"

"கொஞ்சம்தான்க்கா."

"நல்லா அழி. இருந்தவரைக்கும் இந்தக் கம்ப்யூட்டரைத்தான் கட்டிக்கிட்டுக் கிடந்தார். சக்களத்தி மாதிரி."

சொல்லிவிட்டு அக்கா சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். பேருந்தில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தும்.

அழிப்பதற்கு ஒரு முறை இருந்தது. குழுத் தலைவர் வகுத்தது. எதையும் நின்று மேற்பார்வை பார்க்கும் ஆள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். நிரல் முழுக்கப் பெயரைத் தேடும் கருவி, யாரும் கூப்பிடவில்லை என்று காட்டினால் உடனே அழிக்கக் கூடாது. முதலில் அதற்குள் ஒரு கல் வைக்க வேண்டும். கல் என்றால் ஒரே ஒரு வரி. எப்போதாவது எங்கேயாவது அந்த ஃபங்ஷன் ஓடினால், மென்பொருள் தான் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவில் அந்த வரி குரல் கொடுக்கும். அந்தக் கல்லோடு மென்பொருள் வாடிக்கையாளர்களுக்குப் போகும். அவர்களுடைய இயந்திரங்களிலிருந்து பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். அடுத்த பதிப்பு வரும்வரையான ஒரு பதிப்புக் காலம் முழுக்கக் கல் வாயைத் திறக்காவிட்டால் அது செத்தது உறுதி, எடுத்துவிடலாம்.

கல்லில் என்ன எழுதுவது என்பது அவரவர் விருப்பம். அவள் 'இன்னும் இருக்கிறேன்' என்று எழுதினாள். எழுதிய பிறகு, ஏன் அப்படி எழுதினோம் என்று கொஞ்சம் யோசித்தாள். மாற்றவில்லை.

அப்படிக் கல் வைத்தவற்றில் ஒன்று, முதல் பதிப்புக் காலத்து வட்டுகளுக்காக நெட்டையார் எழுதியது. ஒரு வட்டு செத்து, அதை மீட்டுக் கட்டும்போது, மிச்சமிருக்கும் பிரதி யோக்கியமானதுதானா என்று ஒத்துப் பார்ப்பது அதன் வேலை. ஒத்துப் பார்க்காவிட்டால், கெட்டுப்போன பிரதியே நல்லது என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, எல்லா வட்டுக்கும் பரவிவிடும். பிறகு உண்மையானது எங்கேயும் இருக்காது. இப்போது அதற்குப் புது ஏற்பாடு வந்துவிட்டது. பழைய வட்டு முறை வழக்கொழிந்து போயிற்று. கருவியும் இதை யாரும் கூப்பிடவில்லை என்றது. மேலே நெட்டையார் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இது ஒருநாளும் வேலைக்கு வராமல் இருக்கட்டும்.'

பதிப்புக் காலம் முடிந்தது. கல் பேசவில்லை. 'உங்கள் ஆசை பலித்துவிட்டது' என்று மனதுக்குள் அவரிடம் சொல்லிவிட்டு அழித்தாள். மேஸ்திரியும் பார்த்துச் சரி என்றார். புதுப் பதிப்பு தயாரானது.

அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிறுவுகிறவர் பெட்டிக்காரர். எப்போதும் ஒரு கறுப்புப் பெட்டியோடு திரிவதால் அந்தப் பெயர். வெளி இணைப்பே இல்லாத இடங்களுக்கு அவர்தான் நேரில் போக வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அப்படிப்பட்டது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று, அவர்கள் அலமாரியை நிலவறையில் வைத்து, உலகத்தோடு எந்தக் கம்பியும் இல்லாமல் பூட்டியிருந்தார்கள். பெட்டிக்காரர் போனால் முதலில் பழைய பதிவைப் பிரதி எடுத்து, வாசலுக்கு வந்து அலுவலகத்துக்கு அனுப்புவார். பிறகு கைப்பேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்குவார்.

அன்று முற்பகல் அந்தப் பதிவு அவளுக்கும் வந்தது. கூடவே அவர் குரல் செய்தி ஒன்று. "தங்கச்சி, பதிவு அனுப்பிட்டேன். புதுசைப் போட்டுட்டு, அப்படியே நோஞ்சான் வட்டு ஒண்ணு இருக்கு, அதையும் கழட்டிட்டு வேற மாட்டிடறேன். வேலை முடிஞ்சா சாப்பாட்டுக்கு வெளியே வந்துடுவேன். வாழ்க வளமுடன்."

அவள் சிரித்தபடி பதிவைத் திறந்தாள். ஏதோ தோன்றி, தன் கல்லின் வார்த்தைகளைத் தேடிப் பார்த்தாள்.

'இன்னும் இருக்கிறேன்.'

ஒரே ஒரு வரி அல்ல. திரை நிறைய, ஒன்றன்கீழ் ஒன்றாக. சில மாதங்களுக்கு முன்னால், அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் முதல் பதிப்புக் காலத்து வட்டுகளில் ஒன்று செத்திருக்கிறது. அதை மீட்டுக் கட்டிய நேரம் முழுக்க, ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஃபங்ஷன் ஓடியிருக்கிறது. ஓடி, கெட்டுப்போன பிரதிகளைத் தள்ளிவிட்டு, நல்லதைப் பொறுக்கி எடுத்திருக்கிறது. அவள் அது செத்துவிட்டதாக முடிவு கட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், யாருக்கும் கேட்காத நிலவறை ஒன்றில், அது உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் பதிவின் மேலே போய், அது எந்த இடத்துப் பதிவு என்று மறுபடியும் பார்த்தாள்.

முதலில் நம்ப மறுத்தாள். நாமே சோதித்துப் பார்த்த பதிவு கலந்திருக்கும். நமக்குத்தான் தெரியவில்லை, பெரியவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன விஷயம். வாயைத் திறந்தால், ஏற்கெனவே தட்டப்படக் காத்திருக்கும் தோளை நாமே நீட்டியது போல ஆகும். இப்படியெல்லாம் நினைத்தபடி, மீட்டுக் கட்டும் பகுதியை ஒருமுறை, இரண்டாம் முறை என்று படித்தாள். மூன்றாவது முறை தெரிந்தது. நெட்டையார் அந்த ஃபங்ஷனின் முழுப் பெயரை எங்கேயும் எழுதவே இல்லை. பெயரின் முன்பாதி நிரலில் இருந்தது. பின்பாதி அந்தந்த வட்டின்மேல் எழுதியிருக்கும் பதிப்பு அடையாளம். வட்டு சாகிற கணத்தில்தான் இரண்டையும் ஒட்டிப் பெயரை உண்டாக்கி, அந்தப் பெயருள்ளதைத் தேடிப் பிடித்து ஓட்டும்படி செய்திருந்தார். அகப்படாவிட்டால் ஒத்துப் பார்க்காமலே மேலே போய்விடும். முழுப் பெயரைத் தேடிய கருவிக்கு அது எப்படி அகப்படும்?

கல்லும் தப்புச் செய்யவில்லை. அது பேசத்தான் பேசியது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து குரல் வர வழியே இல்லை என்பதை மறந்துவிட்டு, அங்கேயும் சத்தமில்லை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டது அவள்தான்.

இப்போது பெட்டிக்காரர் அங்கே, அந்த ஃபங்ஷன் இல்லாத பதிப்பைப் போட்டுவிட்டு, ஒரு வட்டைக் கழற்றப் போகிறார். கழற்றினால் மீட்டுக் கட்டும் வேலை தானாகத் தொடங்கும். எவனுடைய நுரையீரல் படமோ, எந்தக் குழந்தையின் தலைப் படமோ, கெட்ட துண்டோடு, நல்லது போல, எல்லா வட்டிலும் பரவும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

அவள் பெட்டிக்காரருக்கு ஃபோன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காவலாளியின் மேசை இழுப்பறைக்குள் அது அதிர்ந்துகொண்டிருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

மேஸ்திரி கண்ணாடி அறையில் யாருடனோ கூட்டத்தில் இருந்தார். அவள் கதவைத் தட்டாமலே திறந்தாள். அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

"சார், நான் அழிச்ச ஒண்ணு உயிரோட இருக்கு."

"என்னது?"

திரையைக் காட்டினாள். அவர் படித்தார். கூட்டத்தை அப்படியே விட்டு எழுந்தார்.

"அண்ணன் உள்ளே இறங்கிட்டாரா?"

"ஃபோனை எடுக்கலை சார்."

"ஆஸ்பத்திரியில வேற யார் நம்பர் இருக்கு? ஒப்பந்தத்துல இருக்குற நம்பர்... அது மாறிப்போச்சேம்மா. கடவுளே."

அவள் வாசலுக்கு ஓடினாள். வரவேற்பு அக்கா யாருக்கோ கொரியர் ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மலையடிவாரத்து ஆஸ்பத்திரி... அவங்க வரவேற்பு நம்பர் எப்படியாவது கிடைக்குமா? பெட்டி அண்ணனை உடனே நிறுத்தணும்."

அக்கா எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. தொலைபேசியை இழுத்து விரலால் அழுத்தத் தொடங்கினாள்.

"அங்கேதான் மாசக்கணக்கா உட்கார்ந்து முதல் அலமாரியைப் போட்டார்," என்றாள் ரிசீவரைக் காதில் வைத்தபடி. "சாப்பிட்டியான்னு கேட்க அந்த நம்பர்லேருந்துதான் கூப்பிடுவார். மறக்குமா?... ஹலோ, யாரும்மா? கேளு. கீழே நிலவறையில கறுப்புப் பெட்டியோட ஒருத்தர் இருப்பார். ஓடிப் போயி, எதையும் தொடாதேன்னு சொல்லு. ஆமா, ஓடு. நடக்காதே. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று அவளுக்குப் பிறகு நினைவில்லை. அக்காவின் நகம் மேசைக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருந்தது. கடைசியில் மறுமுனையில் ஒரு மூச்சிரைப்பு. "துடைப்பம் பேசுறா," என்று அக்கா ரிசீவரை அவளிடம் நீட்டினாள்.

"தங்கச்சி, என்ன ஆச்சு? அந்தப் பொண்ணு போட்ட கூச்சல்ல எனக்கே மாரடைச்சிருக்கும்."

"அண்ணா, வட்டைக் கழட்டிட்டீங்களா?"

"புதுப் பதிப்பு போட்டாச்சு. வட்டு மேல கையை வெச்சேன், கொக்கியை விடுவிக்கலை."

"விடுவிக்காதீங்க. பழைய பதிப்பையே திரும்பப் போட்டுடுங்க."

"சரிம்மா. என்ன, பேய் கீய் பார்த்துட்டியா? குரல் ஒரு மாதிரி இருக்கு."

அவள் ரிசீவரை வைத்தபோது அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எழுதினதா?"

"ஆமாக்கா."

"நீ அழிச்சதா?"

"ஆமாக்கா."

அக்கா தலையை ஆட்டிவிட்டு, கொரியர்க்காரரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, விட்ட இடத்திலிருந்து கையெழுத்தைப் போட்டாள்.

மேஸ்திரி திட்டவில்லை. "நீ அழிச்ச, நான் சரின்னு சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் குருடாயிருந்தோம்," என்றார். "திரும்ப வெச்சுடு." அதோடு, இணைப்பில்லாத இடங்களின் பதிவு கைக்கு வராமல் இனி எதையும் அழிக்கக் கூடாது என்றும் முறையைத் திருத்தினார். நிரந்தரம் ஆவது பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. தோள் அன்றும் தட்டப்படவில்லை. இனி எப்போது தட்டினாலும், ஏன் என்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அது ஒருவகை ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அழித்ததைத் திரும்ப வைத்தாள். ஓர் எழுத்து மாறவில்லை. நெட்டையாரின் விளக்க வரியும் அப்படியே. ஆனால் எந்த வரியை யார் எழுதினார் என்று பக்கவாட்டில் காட்டும் பட்டையில், எல்லா வரிக்கும் நேரே அவள் பெயர் நின்றது. ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் அப்படித்தான். வைத்தவர் கணக்கில்தான் வரும்.

"அவர் பேரைப் போடவும் வழி இருக்கு," என்றார் பின்னால் வந்து நின்ற மேஸ்திரி. "எழுதினவர் யாருங்கிற இடத்துல மாத்திக்கலாம்."

அவர் போன பிறகு போட்டுப் பார்த்தாள். நெட்டையாரின் பெயர் வரிசையாக விழுந்தது. பக்கத்தில் இன்றைய தேதி. இன்று காலை அவர் வேலைக்கு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதை எழுதிவிட்டு எழுந்து போனது போல இருந்தது. நாளைக்கு இதில் ஒரு பிழை வந்தால் யாரைப் போய்க் கேட்பார்கள்? பதில் சொல்ல வராத ஒருவரிடம் எல்லாப் பழியையும் ஒப்படைத்துவிட்டு, இவள் மறுபடியும் ஒளிந்துகொள்வாள். அதுதானே எப்போதும் வேண்டியிருந்தது அவளுக்கு? அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். விளக்க வரிக்குக் கீழே, இது யார் எழுதியது, எங்கே இன்னும் ஓடுகிறது, ஏன் தேடினால் அகப்படாது என்று எழுதினாள். கல்லை மட்டும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வழிமறித்தாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டார்க்கா. ஆனா என் பேர்ல வந்திருக்கார்."

அக்கா சிரிக்கவில்லை. "பரவாயில்ல. தன் பேர்ல இருந்தப்ப மட்டும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாரா?" என்றாள். பிறகு கைப்பையை மூடிக்கொண்டே, "உன்னோடதை அழிக்கவும் ஒருத்தி வருவா. அப்ப நீ எங்கே இருப்பியோ," என்றாள், சாதாரணமாக, பேருந்து நேரத்தைச் சொல்வது போல.

அதற்குப் பிறகு அக்கா, எவ்வளவு அழிச்ச என்று கேட்பதே இல்லை. கேட்டபோது உறுத்தியதைவிட, கேட்காதது அதிகமாக உறுத்தியது. அவள் அழித்துக்கொண்டுதான் இருந்தாள், அதுதான் வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், நீ எங்கேயாவது இருக்கிறாயா என்று மனதுக்குள் கேட்டுவிட்டு, சற்று நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் பழக்கம் வந்துவிட்டது. பார்த்தவர்கள் துடைப்பம் தூங்குகிறது என்று கேலி செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திருத்திய பதிப்பு போய், அந்த நோஞ்சான் வட்டும் மாற்றப்பட்ட பிறகு, அங்கிருந்து பதிவு வந்தது. மற்ற வேலைகளை ஓரமாக வைத்துவிட்டுத் திறந்தாள். திரை உருண்டது. பெயர் தெரியாத மனிதர்களின் எலும்பும் நுரையீரலும் துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டிருந்த ஓர் இருட்டிலிருந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை, ஒரே வரி.

'இன்னும் இருக்கிறேன்.'

அவள் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். அந்த வரியை ஒரு தாளில் அச்செடுத்து, மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் நடந்தாள்.